தொட்டி மண்ணில் ஊரும் புள்ளிகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

மண்ணிலும் சருகிலும் தன்போக்கில் வாழும் சிற்றுண்ணிகளை (ஆங்கிலத்தில் மைட்) பற்றி என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன: "அக்கா, தொட்டியில பேன் பிடிச்சிடுச்சு, என்ன மருந்து அடிக்கிறது?" அடுத்த புளோக்கில் இருக்கும் ஒரு தங்கை சென்ற மழைக்காலத்தில் இப்படிக் கேட்டபோது அவர் வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போய்ப் பார்த்தேன். கறிவேப்பிலைத் தொட்டியின் விளிம்பில், கசகசாவைவிடச் சிறிய பழுப்பு மணிகள் நான்கைந்து அவசரமே இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு எந்த மருந்தும் தேவைப்படவில்லை. தொட்டியின் அடித்தட்டில் தேங்கியிருந்த நீரை ஊற்றிவிட்டதும் வாடிக்கிடந்த கறிவேப்பிலை பத்து நாளில் புதுத் தளிர் விட்டது.

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரத் தொட்டிகளிலும், சமையலறைக் கழிவை மண்புழு கொண்டு உரமாக்கும் மட்கு வாளிகளிலும், எங்கள் பேட்டையின் சமூகத் தோட்டத்திலும் திரும்பத் திரும்பக் கண்ட அறிகுறிகளைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு உரிய அறிகுறிக்கு நேரே போய்விடலாம் என்றாலும், முதல் பகுதியைத் தாண்டிச் செல்ல வேண்டாம். ஆளை அடையாளம் காணாமல் அடிக்கும் மருந்து, பெரும்பாலும் தவறான ஆளின் மேல்தான் விழுகிறது.

மருந்துக்கு முன் பார்க்க வேண்டியவை

10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைக்கண்ணாடி ஒன்றும், வெள்ளைத் தாளும், நனைத்த மெல்லிய தூரிகையும் போதும். ஒரு தேக்கரண்டி மேல்மண்ணைத் தாளில் மெல்லியதாகப் பரப்பி, ஐந்து நிமிடம் மூச்சுக்காற்று படாமல் காத்திருந்து, அசைவதைத் தூரிகை முனையால் தொட வேண்டும். தொட்டதும் துள்ளி மறைந்தால் அது சிற்றுண்ணியே அன்று. ஸ்பிரிங்டெயில் என்ற ஆறுகால் உயிர், வயிற்றின் அடியில் மடித்து வைத்திருக்கும் கவட்டை போன்ற உறுப்பை விடுவித்து எம்பிக் குதிக்கிறது. அது பூஞ்சையையும் மட்கையும் தின்று வாழ்வது, விட்டுவிடலாம்.

துள்ளாமல் ஊர்வதாயின் கால்களை எண்ணுங்கள். சிற்றுண்ணி சிலந்தியின் உறவு என்பதால் வளர்ந்ததற்கு 8 கால்கள் இருக்கும். ஆனால் முட்டையிலிருந்து புதிதாக வந்த இளவுயிருக்கு 6 கால்களே உண்டு, ஆகவே ஆறு கால்களைக் கண்டதும் பூச்சி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உணர்கொம்பு இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிற்றுண்ணிக்கு அது கிடையாது, உடலும் தலை, மார்பு, வயிறு என்று பிரியாமல் ஒரே பொதியாகத் தெரியும். அதன் பிறகு மூன்றே கேள்விகள்: எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது, முதுகு ஓடு போல மின்னுகிறதா அல்லது மெத்தென்று வெளுத்திருக்கிறதா. இனப்பெயர் தெரியாவிட்டாலும் இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் என்ன செய்யலாம் என்பது தெரிந்துவிடும்.

அறிகுறி: மட்கு வாளியின் மேல் மாவு தூவியது போல் இருக்கிறது, அந்த மாவு நகர்கிறது

மிகுதியான பேரைக் கலங்கடிப்பது இதுதான். மாலையில் மூடியைத் திறந்தால் பப்பாளித் தோலின் மேலும் வாளியின் உட்சுவரிலும் வெண்மையான தூள் படிந்திருக்கும். கைவிளக்கை அருகில் கொண்டுபோனால் தூள் முழுவதும் மெல்லக் கொதிப்பது போலத் தோன்றும். கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான முத்துப்போன்ற உடல், பின்புறம் நீண்டு தொங்கும் மயிர்கள், தள்ளாடும் நடை. இவை பூசணம் தின்னும் சிற்றுண்ணிகள். இவற்றில் உலகெங்கும் பரவியது டைரோஃபேகஸ் புட்ரெசென்ஷியே. கொப்பரையிலும் கருவாட்டிலும் பெருகுவதும் இதே உயிர்தான். கொப்பரைக் கிடங்குகளில் மூட்டை தூக்குவோருக்கு வந்த கொப்பரைச் சொறிக்கு இந்த இனத்தாரே காரணம்.

இவை மண்புழுவைத் தின்பதில்லை, செடியின் நல்ல வேரையும் தொடுவதில்லை. இவை பெருகியிருக்கின்றன என்றால் வாளி மிக ஈரமாகவும் புளிப்பாகவும் இருக்கிறது, புழுக்கள் தின்று தீர்ப்பதைவிட மிகுதியான உணவு விழுகிறது என்று பொருள். வெதுவெதுப்பும் ஈரமும் உள்ள இடத்தில் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் முட்டை முதிர்ந்த உயிராகிவிடுவதால், "நேற்று இல்லையே" என்று வியப்பதற்கு ஒன்றுமில்லை.

சரிசெய்யும் முறைக்கும் நம் ஊர்க் காற்றுக்கும் தொடர்பு உண்டு. இந்த மென்னுடல் உயிர்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வாழ்கின்றன. ஈரப்பதம் சுமார் 65 விழுக்காட்டுக்குக் கீழே நெடுநேரம் இருந்தால் வற்றிப்போகின்றன. வறண்ட நாடுகளில் எழுதப்பட்ட குறிப்புகள் "வாளியைத் திறந்து வையுங்கள், காய்ந்துவிடும்" என்பது இதனால்தான். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால் மூடியைத் திறந்து வைப்பதால் மட்டும் இங்கே எதுவும் காய்வதில்லை. கூடவே பழ ஈக்களும் வந்து சேரும். ஈரத்தைக் காற்றிடம் ஒப்படைக்காமல், உறிஞ்சும் பொருளிடம் ஒப்படைக்க வேண்டும். கிழித்த அட்டைப் பெட்டியையோ காய்ந்த சருகையோ வாளியில் உள்ள ஈரக்கழிவின் பருமனுக்குச் சமமாகச் சேர்த்துக் கிளறி, ஒரு வாரம் புது உணவு போடாமல் நிறுத்துங்கள். கையில் பிடித்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டுமே வர வேண்டும். ஒழுகினால் இன்னும் அட்டை தேவை. தூளின் அளவை விரைவாகக் குறைக்க விரும்பினால், தர்பூசணித் தோல் ஒன்றைச் சதைப்பக்கம் கீழே இருக்குமாறு இரவில் வைத்து, காலையில் அதன் மேல் ஏறியிருக்கும் கூட்டத்தோடு எடுத்துச் சோப்பு நீரில் போடலாம். நான்கைந்து இரவுகள் தொடர்ந்து செய்தால் வேறுபாடு தெரியும்.

ஓர் எச்சரிக்கை: வாளியைச் சமையலறை அலமாரிக்கு அருகில் வைக்க வேண்டாம். உணவு தீரும் நிலையில் இந்தக் கூட்டம் இடம்பெயரும். அரிசி, ரவை, கருவாடு ஆகியவற்றின் வாசல் அதற்குத் தெரியும். தூசி ஒவ்வாமை உள்ளவர்கள் வாளியைக் கிளறும்போது முகக்கவசம் அணிவது நல்லது.

அறிகுறி: தொட்டி விளிம்பிலும் மரப்பட்டைத் துண்டுகளிலும் மின்னும் பழுப்பு மணிகள்

இவை ஒரிபாட்டிட் சிற்றுண்ணிகள். வண்டின் ஓடு போன்ற கடினமான, கபிலம் முதல் கருப்பு வரையான முதுகும், ஆமைக்கு ஒப்பான நடையும் அடையாளம். என்ன செய்ய வேண்டும் என்றால், ஒன்றும் செய்ய வேண்டாம். பூஞ்சை இழைகளையும் மக்கும் இலைகளையும் மென்று துகளாக்கிக் கழிப்பதே இவற்றின் வாழ்க்கை. அந்தத் துகள்களில்தான் நுண்ணுயிர்கள் தங்கள் வேலையைத் தொடர்கின்றன. இவற்றில் பெயரிடப்பட்ட இனங்கள் மட்டுமே 10,000-க்கு மேல். ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில், ஏறக்குறைய 41 கோடி ஆண்டுக்கு முந்தைய கல்லில் சிற்றுண்ணிகள் பதிந்து கிடைத்திருக்கின்றன. செடிகள் கரையேறிய காலத்திலேயே இந்தக் குலம் மண்ணில் இருந்தது. இவ்வளவு பழைய குடியிருப்பாளரை நம் வீட்டுத் தொட்டியிலிருந்து வெளியேற்ற முனைவது எனக்குச் சற்று மரியாதைக் குறைவாகவே படுகிறது.

மழை பெய்த மறுநாள் இவை கூட்டமாக மேலே ஏறிச் சுவரில் ஊர்ந்தால், மண்ணின் துளைகளில் நீர் நிறைந்து மூச்சு முட்டியிருக்கிறது என்று கொள்ளலாம். தொட்டியின் வடிகால் துளை அடைபட்டிருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பார்த்து, அடித்தட்டு நீரை ஊற்றிவிடுங்கள். அந்தத் தட்டைத் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகளும் கொசுப்புழுவுக்காகப் பார்ப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

அறிகுறி: நீர் ஊற்றியதும் வெளிர்பழுப்புப் புள்ளிகள் நாலாபுறமும் ஓடுகின்றன

வேகம்தான் இங்கே விடை. மண்ணில் வாழும் சிற்றுண்ணிகளில் இப்படி ஓடுபவை பெரும்பாலும் வேட்டைக்காரர்கள். மீசோஸ்டிக்மேட்டா என்ற வரிசையைச் சேர்ந்தவை. முன்னங்கால்களை உணர்கொம்பு போல முன்னே நீட்டித் தடவிக்கொண்டே ஓடும். ஸ்பிரிங்டெயில், நூற்புழு, சிறு ஈக்களின் புழு என்று அகப்பட்டதைப் பிடித்து உறிஞ்சும். இவற்றில் ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் சிமிட்டஸ் என்ற இனத்தைப் பல நாடுகளில் வளர்த்து, புட்டியில் அடைத்துப் பண்ணைகளுக்கு விற்கிறார்கள். விலை கொடுத்து வாங்கும் காவலாளி உங்கள் தொட்டிக்குத் தானாகவே வந்து சேர்ந்திருக்கலாம்.

இதை நான் கற்றுக்கொண்டது தவறு செய்துதான். சில ஆண்டுகளுக்கு முன் புதினாத் தொட்டியில் இப்படி ஓடுபவற்றைக் கண்டு, கரப்பான்பூச்சிக்கு வாங்கி வைத்திருந்த தெளிப்பானை எடுத்து மண்ணின் மேல் அடித்தேன். ஓட்டம் அன்றே நின்றது. மூன்றாம் வாரம், தொட்டியைத் தொட்டால் போதும், கறுப்புச் சிற்றீக்கள் புகை போல எழுந்தன. மண்ணுக்குள் இருந்த அவற்றின் புழுக்களைத் தின்றுகொண்டிருந்தவர்களை நானே அழித்திருந்தேன். புதினாவையும் அதன் பிறகு துவையலுக்குப் பறிக்க மனம் வரவில்லை. மண்ணோடு சேர்த்து அகற்றிவிட்டேன்.

அறிகுறி: சிவப்பாக ஒன்று ஊர்கிறது

பட்டுத்துணி போன்ற சிவந்த மயிர்ப்போர்வையுடன் மெல்லப் போனால் அது பட்டுப்பூச்சி என்று அழைக்கப்படும் சிற்றுண்ணி (பட்டுநூல் தரும் பூச்சி அன்று); தமிழ்நாட்டில் முதல் மழைக்குப் பின் செம்மண்ணில் காண்பதன் உறவு, சங்கப் பாடல்கள் மூதாய் என்று அழைப்பது. வளர்ந்தது மண்ணில் பூச்சி முட்டைகளைத் தின்னும், தொந்தரவு இல்லை. சிவப்பாக இருக்கும் எல்லாமே செடியைத் தின்னும் சிலந்திப்பேன் என்று எண்ணிவிட வேண்டாம். சிலந்திப்பேன் மண்ணில் ஓடித் திரிவதில்லை, இலையின் அடியில் இருக்கும்.

அறிகுறி: இலையில் ஊசி குத்தியது போல் வெளிர்ப்புள்ளிகள், அடியில் நூலாம்படை

இதுதான் சிலந்திப்பேன். மண்ணுக்குத் தொடர்பில்லாத வேறு பிரச்சினை என்பதால் சுருக்கமாக முடிக்கிறேன். மழைச்சாரல் படாத, வெயில் அறையும் மேல்மாடித் தாழ்வாரங்களில் கத்தரி, பப்பாளி, ரோஜா ஆகியவற்றில் பெருகும். இலையின் அடிப்புறத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை நீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். குறையாவிட்டால் வேப்பெண்ணெய்யைச் சோப்புக் கலந்து மாலையில் அடியுங்கள். மண்ணில் மருந்து ஊற்றுவதால் இதற்குப் பயன் இல்லை.

அறிகுறி: கிழங்கோ ஆர்க்கிட் வேரோ கொழகொழத்து அழுகுகிறது, உள்ளே பால்நிற உருண்டைகள்

பளபளக்கும் வெண்மையான குண்டு உடலும் குட்டையான செந்தவிட்டு நிறக் கால்களும் இருந்தால் அது கிழங்குச் சிற்றுண்ணி, ரைசோகிளைஃபஸ் என்ற இனக்குழு. மண்வாழ் சிற்றுண்ணிகளில் நான் நடவடிக்கை எடுக்கச் சொல்லும் மிகச் சிலவற்றுள் இது ஒன்று. எனினும் இதன் வரலாற்றைப் பின்னோக்கிப் படிக்க வேண்டும்: பெரும்பாலான நேரங்களில் முதலில் வந்தது அழுகல், அதற்குப் பின் வந்தது சிற்றுண்ணி. வந்த பிறகு அது காயத்தைத் தோண்டிப் பெரிதாக்குகிறது, பூஞ்சையை உள்ளே சுமந்து செல்கிறது, அதனால் இரண்டையும் சேர்த்தே தீர்க்க வேண்டியிருக்கிறது.

சாமந்திக்கும் சம்பங்கிக்கும் ஒரே மாதிரி நீர் ஊற்றும் பழக்கம் இதற்கு நல்ல வாய்ப்பைத் தருகிறது. சம்பங்கிக் கிழங்கைத் தோண்டி எடுத்து, மென்மையான பகுதியை வெட்டி எறிந்து, மீதியை நிழலில் சில நாள் உலர்த்தி, புதிய, விரைவில் வடியும் கலவையில் நடுங்கள். ஆர்க்கிட் என்றால் அழுகிய வேர்களைக் கொதிநீரில் முக்கிய கத்தரிக்கோலால் நறுக்கி, பழைய தேங்காய் மட்டையை முழுவதும் தூக்கியெறிந்துவிட்டு, கரித்துண்டுகளில் கட்டுங்கள். வெட்டி எறிந்ததை மட்கு வாளியில் போடக் கூடாது; கட்டிக் குப்பையில் போட வேண்டும்.

அறிகுறி: வண்டின் அடியில் பழுப்புப் பொத்தான்கள் ஒட்டியிருக்கின்றன

மட்கிலும் அழுகும் பனைக்குலத் தண்டுகளிலும் வளரும் காண்டாமிருக வண்டு, இரவில் தாழ்வார விளக்குக்கு வந்து விழுவதுண்டு. அதைப் புரட்டினால் கால்களின் இடுக்கில் தட்டையான சிற்றுண்ணிகள் இருக்கும். அவை பயணிகள், சில இனங்களின் இளவுயிர்கள் பின்புறத்திலிருந்து சுரக்கும் பசையைத் தண்டாக இழுத்து வண்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்த மட்குக் குவியலில் இறங்கிவிடுகின்றன. பூசணம் தின்னும் சிற்றுண்ணிகளின் உறவினங்கள் சிலவற்றிலும் வாயே இல்லாத ஒரு பயண வடிவம் உண்டு. மூடிய வாளிக்குள் இவை எப்படி வந்தன என்ற கேள்விக்கு ஒரு விடை இதுதான். பழ ஈயின் காலில் ஏறி வருவதற்குச் சிறு இடைவெளி போதும்.

அறிகுறி: தோட்ட வேலைக்குப் பின் உடலில் அரிப்பு, சிவந்த தடிப்பு

இதுவரை சொன்ன மண்வாழ் சிற்றுண்ணிகள் மனிதரைக் கடித்து இரத்தம் குடிப்பதில்லை. ஆகவே, கொப்பரைச் சொறி போன்ற ஒவ்வாமை நீங்கலாக, தடிப்பு வந்தால் தொட்டியை விட்டு வேறு இடங்களைத் தேட வேண்டும்.

குளிரூட்டியின் வெளிப்பெட்டி இருக்கும் விளிம்பிலோ சன்னலின் மேற்புறத்திலோ மைனாவோ புறாவோ கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சுகள் பறந்துபோன பின், உணவின்றித் தவிக்கும் பறவைச் சிற்றுண்ணிகள், குறிப்பாக ஆர்னித்தோனிஸ்ஸஸ் பர்சா, வீட்டுக்குள் வந்து மனிதரைக் கடிக்கும். சுவரில் ஊசிமுனைப் புள்ளிகளாக வேகமாக ஓடும், சில இரத்தம் குடித்துக் கருஞ்சிவப்பாக இருக்கும். கூடு இருக்கும் வரை எந்தத் தெளிப்பும் நிலைக்காது. கைக்கு எட்டாத இடமென்றால் நகர மன்றத்திடம் சொல்லுங்கள்.

கடித்த இடம் காலுறையின் விளிம்பிலும் இடுப்புப் பட்டையின் கீழும் வரிசையாக இருந்தால், லாலாங் புல்லிலோ புதரிலோ உட்கார்ந்தீர்களா என்று நினைவுகூருங்கள். அங்கே காத்திருப்பது ஒரு வகைச் சிற்றுண்ணியின் ஆறுகால் இளவுயிர். அது வளர்ந்ததும் மண்ணில் தன்போக்கில் வாழும், இளமையில் மட்டும் ஒட்டுண்ணி. லெப்டோட்ராம்பிடியம் டெலியென்ஸ் போன்ற சில இனங்கள் ஆசிய நாடுகளில் புதர்க்காய்ச்சலைப் பரப்புகின்றன. புதரில் பயிற்சி செய்து திரும்பும் தேசியச் சேவையாளர்களும், மலேசியக் காடுகளில் நடந்து வருபவர்களும் இதை நினைவில் வைக்கலாம்: ஏறக்குறைய பத்து நாளில் கடுங்காய்ச்சலும் தலைவலியும் வந்து, கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு இருந்தால், உடனே மருத்துவரிடம் போய்ப் புதரில் இருந்ததையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் டெங்கி என்று மட்டுமே தேடிக்கொண்டிருக்க நேரிடும்.

அறிகுறி: புனல் வைத்தும் புட்டியில் எதுவும் விழவில்லை

பள்ளிச் செயல்திட்டத்துக்காகவோ ஆர்வத்தாலோ சருகிலிருந்து சிற்றுண்ணிகளைப் பிரித்தெடுக்க முயல்பவர்களுக்கு இந்தப் பகுதி. இத்தாலியரான அந்தோனியோ பெர்லேசே 1905-ல் சூடான நீர் சூழ்ந்த புனல் ஒன்றை அமைத்தார். ஸ்வீடனின் ஆல்பர்ட் டுல்கிரேன் 1918-ல் வெந்நீருக்குப் பதில் மேலே விளக்கைப் பொருத்தினார். சருகு மேலிருந்து காய்ந்து வர, ஈரத்தைத் தேடும் உயிர்கள் கீழே இறங்கி வலையைத் தாண்டிப் புட்டியில் விழுகின்றன. ஒன்றரை லிட்டர் புட்டியின் மேல்பாதியைத் தலைகீழாக வைத்து, 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையைப் பொருத்தினால் இதே கருவி வீட்டிலும் தயார்.

அக்கா மகனுக்காக நான் வைத்த முதல் புனலில் மூன்று நாளில் விழுந்தவை ஓர் எறும்பும் ஒரு கரண்டி மண்ணும் மட்டுமே. காரணம் விளக்கு. இப்போது வீடுகளில் இருப்பவை எல்இடி விளக்குகள். அவை ஒளி தரும், சருகைக் காய வைக்கும் அளவுக்குக் கீழ்நோக்கிச் சூடு தராது. பழைய மேசை விளக்கின் ஹாலஜன் குமிழ் ஒன்றைத் தேடி எடுத்துச் சருகுக்கு ஒரு சாண் உயரத்தில் வைத்த பிறகுதான் வேலை நடந்தது. அத்தகைய விளக்கை ஆளில்லாத வீட்டில் எரியவிட வேண்டாம், காய்ந்த சருகின் அருகில் இருக்கிறது அது.

விளக்கு சரியாக இருந்தும் விழவில்லை என்றால் சருகின் தடிமனைப் பாருங்கள். 4 சென்டிமீட்டருக்கு மேல் அடைத்தால் நடுப்பகுதி காயாமல் அங்கேயே தங்கிவிடும். மாறாக, முதல் மணி நேரத்திலேயே கடுஞ்சூடு கொடுத்தால் மெல்ல நடக்கும் ஒரிபாட்டிட்கள் கீழே வருமுன் காய்ந்து செத்துவிடும். ஆகவே முதல் நாள் விளக்கை உயரே வைத்து, பிறகு தாழ்த்துங்கள். மூன்றாவது காரணம் நம் ஊருக்கே உரியது: புனலின் உட்சுவரில் நீர்த்துளி வியர்த்து, இறங்கி வரும் உயிர்கள் அதில் ஒட்டிச் சிக்கிக்கொள்கின்றன. சருகு சுவரைத் தொடாதபடி இடைவெளி விடுங்கள். புனலைத் திறந்த தாழ்வாரத்தில் வைக்காமல், குளிரூட்டி ஓடும் அறையில் வையுங்கள். காற்று உலர்ந்திருக்கும் அந்த அறையில் 5 நாள் எடுத்த வேலை 3 நாளில் முடிந்தது.

புட்டியில் மண் மட்டும் நிறைகிறது என்றால், சருகை வலையில் கொட்டித் தட்டிய அரை மணி நேரத்துக்குப் பின் புட்டியைப் பொருத்துங்கள். விழுந்தவை ஆல்கஹாலில் மூழ்காமல் மிதந்தால், ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு விடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலே புட்டிக்குப் போதும். எல்லாம் செய்தும் மிகக் குறைவாகவே கிடைத்தால் மனம் தளர வேண்டாம்: மிதவெப்பக் காடுகளில் ஒரு சதுர மீட்டருக்கு லட்சக்கணக்கில் இருக்கின்றன என்று படித்த எண்ணிக்கையை இங்கே எதிர்பார்க்கக் கூடாது, நம் வெப்பத்தில் சருகு விரைவாக மக்கிவிடுவதால் அந்த அடுக்கே மெல்லியது. சருகைப் புக்கிட் தீமா போன்ற வனப்பகுதிகளிலிருந்து அள்ளி வருவது தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் சட்டப்படி குற்றம். உங்கள் தொட்டியிலோ, பொறுப்பாளரைக் கேட்டுச் சமூகத் தோட்டத்திலோ எடுங்கள்.

கடைசியாக, "புட்டியில் விதைகள்தான் விழுந்திருக்கின்றன" என்று சொல்பவர்களுக்கு. கபில நிறத்தில் கால்களே இல்லாத சிறு உருண்டை தெரிந்தால், அது பெட்டிச் சிற்றுண்ணியாக இருக்கலாம். ஆபத்து என்றால் எட்டுக் கால்களையும் உள்ளே இழுத்து, முன்புறத் தகட்டை மூடி போலச் சாத்திக்கொள்ளும் ஒரிபாட்டிட் அது. ஆல்கஹாலில் விழுந்தது பெரும்பாலும் மூடியபடியே கிடக்கும். அடுத்த முறை புட்டியில் ஆல்கஹாலுக்குப் பதில் நனைத்த மெல்லிய தாளை வைத்து, விழுந்த உருண்டையை ஈரச் சருகு ஒன்றின் மேல் எடுத்து வைத்து, விளக்கைத் தள்ளிவிட்டுக் கண்ணாடியோடு காத்திருங்கள். சில நிமிடங்களில் மூடி ஒரு மயிரிழை திறக்கும், முதலில் ஒரு கால் மட்டும் வெளியே வந்து சருகைத் தடவிப் பார்க்கும்.